கணினியை மீள அமைப்பது எப்போது?

ஓலையால் வேய்ந்த வீடுகள் மிகுந்திருந்த காலத்திலே, மாரி தொடங்குமுன் கூரை வேய்தல் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் வழக்கமாயிருந்தது. கிடுகு ஓராண்டோ ஈராண்டோ வெயிலையும் மழையையும் தாங்கும். அதற்கு மேல் உக்கிப்போகும். ஆகவே ஒழுக்கு உண்டா இல்லையா என்று பார்த்திராமல், காலம் வந்ததும் பழையதைக் களைந்து புதியதை வேய்ந்தார்கள். பின்னர் ஓட்டு வீடுகள் வந்தன. ஓட்டுக் கூரையை ஆண்டுதோறும் கழற்றிப் புதிதாய் அடுக்குபவர் எவருமிலர். ஒழுகும் இடத்தைப் பார்த்து, உடைந்த ஓட்டை மாற்றுவதோடு அவ்வேலை முடிந்துவிடும். கூரை மாறியபோது பேணும் முறையும் மாறியது.

கணினியைப் பொறுத்தமட்டில், கூரை எப்போதோ மாறிவிட்டது. பேணும் வழக்கம் மட்டும் பலரிடத்தில் மாறாதிருக்கின்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, கணினியிலுள்ள யாவற்றையும் அழித்துவிட்டுப் பணிசெயல் முறைமையைப் புதிதாய் நிறுவிக்கொள்ள வேண்டும் என்பது இன்றும் பலர் கூறும் அறிவுரை. திருத்துமிடங்கள் சிலவற்றில் இதுவே முதல் மருந்து. சிலவேளை ஒரே மருந்தும் இதுவே. இவ்வறிவுரை எங்கிருந்து வந்தது, ஒருகாலத்தில் அது பொருத்தமாயிருந்தது ஏன், இன்று அதனைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் விளையும் கேடு யாது என்பன ஆராயத்தக்கவை.

பணிசெயல் முறைமை என்பதை இயங்குதளம் என்றும் வழங்குவர். கணினியின் பொறியுறுப்புக்களுக்கும் அதனைப் பயன்படுத்துபவர்க்கும் நடுவே நின்று காரியம் பார்க்கும் மென்பொருள் அது. எழுதுதற்கு ஒரு மென்பொருள், பாட்டுக் கேட்பதற்கு ஒன்று, இணையத்தைப் பார்ப்பதற்கு ஒன்று என எத்தனை இருப்பினும், அவை யாவும் இதன் அனுமதியோடுதான் திரையையும் வன்தட்டையும் நினைவகத்தையும் பயன்படுத்துகின்றன. விண்டோஸ், லினக்ஸ், மக்ஓஎஸ் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. வீடுகளிலும் அலுவலகங்களிலும் மிகுதியாய்க் காணப்படுவது மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் ஆகையால், அதனையே சிறப்பாக எடுத்துக் கொள்ளுதல் தகும்.

1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் விண்டோஸ் 95 வெளிவந்தது. மூன்றாண்டுகளின் பின் விண்டோஸ் 98 வந்தது. கணினியைப் பொதுமக்களின் வீடுகளுக்குக் கொண்டு சென்றவை என்ற பெருமை இவற்றுக்கு உண்டு. ஆயினும் இவற்றின் கூரை கிடுகுக் கூரையே. ஒரு மென்பொருளை நிறுவும்போது, அது பல மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்புக்களின் மேல் தன்னுடைய பழைய பிரதியைக் கொண்டுவந்து எழுதிவிடும். அதனால் நேற்றுவரை ஒழுங்காய் இயங்கிய வேறொரு மென்பொருள் இன்று இயங்க மறுக்கும். ஒன்றை நீக்கினாலோ, அதன் எச்சங்கள் பதிவேடு எனப்படும் அமைப்புக் குறிப்பேட்டிலும் வன்தட்டின் மூலை முடுக்குகளிலும் கிடக்கும். வீட்டிலுள்ள எவரும் எந்தக் கோப்பையும் அழிக்கலாம், தடுப்பார் இல்லை. மின்சாரம் திடீரென நின்றால் கோப்புக்கள் சிதைந்து போவதும் உண்டு.

அக்காலத்து அமைப்பு எத்துணை மெல்லியது என்பதற்கு ஒரு சான்று போதும். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் உள்ளே, கணினி தொடங்கியது முதல் கழிந்த நேரத்தை ஆயிரத்திலொரு விநாடிக் கணக்கில் எண்ணிவரும் ஓர் எண்ணி இருந்தது. ஏறத்தாழ நாற்பத்தொன்பதே முக்கால் நாளில் அவ்வெண்ணி நிறைந்து மீண்டும் சுழியத்துக்குத் திரும்பும். அவ்வேளையில் கணினி செயலற்று நின்றுவிடும் என்பது பின்னரே வெளிப்பட்டு, திருத்தம் வழங்கப்பட்டது. இக்குறை நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமைக்குக் காரணம், அத்தனை நாள் இடையறாது அக்கணினிகளை ஓடவிட்டவர் அரியர் என்பதே. இத்தகைய நிலையில், ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய் நிறுவியவரைக் குறைகூற முடியாது. அவர் மாரிக்கு முன் கூரை வேய்ந்தவர், விவேகி.

ஆனால் காலம் அங்கே நின்றுவிடவில்லை. விண்டோஸ் 2000 என்னும் பதிப்பு, முறைமையின் முதன்மையான கோப்புக்களைப் பிற மென்பொருள்கள் மாற்றிவிடாதவாறு காக்கும் ஏற்பாட்டோடு வந்தது. அதே அடித்தளத்தில் அமைந்த விண்டோஸ் எக்ஸ்பி 2001ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியாகி, அவ்வுறுதியை வீடுகளுக்கும் கொணர்ந்தது. ஏதேனும் பிழைத்துவிட்டால் முந்தைய ஒரு நாளின் நிலைக்கு முறைமையைத் திருப்பும் வசதியும் அதில் இருந்தது. 2007ஆம் ஆண்டு பொதுமக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்ரா, முறைமையை மாற்றும் எந்தச் செயலுக்கும் முன்னே பயன்படுத்துபவரின் இசைவைக் கேட்டது. பலர் அதனைத் தொல்லையென வெறுத்தனர். ஆயினும் வாசலில் காவலாள் நிற்கத் தொடங்கியது அப்போதுதான்.

2015ஆம் ஆண்டு யூலையில் விண்டோஸ் 10 வந்தபின் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. அதன் பெரிய இற்றைப்படுத்தல்கள் பலவற்றின்போது, கணினி தன் முறைமையை முழுவதும் புதிதாய் நிறுவிக்கொண்டு, பயன்படுத்துபவரின் கோப்புக்களையும் மென்பொருள்களையும் அதற்குள் கொண்டுவந்து சேர்த்தது. பழைய முறைமையை ஒரு கோப்புறையில் சில நாள் வைத்திருந்து, பின்னர் தானே நீக்கியது. அதாவது, எத்தனை காலத்துக்கு ஒருமுறை மீள நிறுவுவது என்று மக்கள் விவாதித்துக் கொண்டிருக்கையிலேயே, அக்காரியம் அவர்கள் அறியாமல் இரவில் நடந்தேறியது. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த டெபியனைப் பயன்படுத்துவோரில், ஒருமுறை நிறுவியதை அழிக்காமலே பதிப்புக்குப் பதிப்பு உயர்த்திப் பல ஆண்டுகள் கொண்டு செல்வோர் உளர். அப்பிள் நிறுவனமோ, 2019ஆம் ஆண்டு முதல் தன் மக் கணினிகளில் முறைமையை எழுதமுடியாத தனிப் பகுதியில் வைத்து, பயன்படுத்துபவரின் பொருள்களை வேறொரு பகுதியில் வைக்கலாயிற்று. ஓட்டுக் கூரையின் காலம் வந்துவிட்டது.

அப்படியாயின் இன்றைய கணினி மந்தமாவது ஏன் என்ற கேள்வி எழும். மந்தமாவது உண்மை, அதன் காரணமே பெரும்பாலும் பிறழ உணரப்படுகின்றது. முறைமை பழசானதால் கணினி களைத்துப் போவதில்லை. கணினியைத் திறந்தவுடன் தாமாகவே தொடங்கும் மென்பொருள்கள் நாளுக்கு நாள் பெருகியிருத்தல் ஒரு காரணம். சேமிப்பிடம் நிரம்பி, முறைமைக்கு மூச்சுவிட இடமில்லாமற் போதல் இன்னொன்று. இணைய உலாவியில் முப்பது பக்கங்களைத் திறந்துவைத்து, குறைந்த நினைவகத்தை நெருக்குதல் வேறொன்று. விசிறியிலும் காற்று வழிகளிலும் தூசி அடைந்து வெப்பம் ஏறும்போது, கணினியின் மூளையாகிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்ப நாடுகளில் இது அடிக்கடி நேர்வது. இவற்றோடு வன்தட்டு பழுதடையத் தொடங்கியிருத்தலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுள் முதலிரண்டு குறைகளும் மீள நிறுவுவதால் நீங்குவது மெய்யே. எல்லாம் அழிக்கப்படும்போது, தாமாய்த் தொடங்கியவையும் இடத்தை நிரப்பியவையும் கூடவே போய்விடுகின்றன. கணினி துள்ளி எழுகின்றது. புகழ் மீள நிறுவலுக்குச் சேர்கின்றது. ஆனால் அதே பயன், தாமாய்த் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து வேண்டாதவற்றை நிறுத்துவதாலும், தேவையற்ற கோப்புக்களை நீக்குவதாலும் அரைமணி நேரத்தில் கிடைத்திருக்கும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்று ஒரு பழமொழி உண்டு. கொளுத்தினால் எலி போவதில் ஐயமில்லை. போவது எலி மட்டுமன்று.

பழுதடையும் வன்தட்டின் விஷயத்தில் இவ்வழக்கம் பயனற்றது மாத்திரமன்று, கேடும் ஆகும். வன்தட்டின் ஒரு பகுதி படிக்க முடியாமற் போகும்போது, முறைமை மீண்டும் மீண்டும் முயன்று காலங்கழிக்கும்; வெளியே தெரிவது மந்தம் மட்டுமே. அந்நிலையில் செய்யத்தக்க முதற்காரியம், இன்னும் படிக்கக்கூடியவற்றை வேறோர் இடத்திற்கு உடனே பிரதி செய்தல். அதைவிட்டு, அந்நலிந்த தட்டின் மேலேயே புதிய முறைமையை நிறுவுதல், மூச்சுவாங்கும் நோயாளியை மலையேறச் செய்வதற்கு ஒப்பாகும். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். அக்குறிப்பைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. மீள நிறுவுமாறு எவரேனும் சொன்னால், அதற்கு முன்னே இதைப் பார்த்தாயிற்றா என்று கேட்பது நன்று.

அழிந்து போவது யாது என்பதை விளக்க, ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். இது கற்பனையே, எனினும் நடவாத காரியமன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் கணினியைத் திருத்துமிடத்துக்குக் கொண்டு செல்கிறார். "தம்பி, கொஞ்ச நேரம் ஓடியதும் இது நடக்கவே மாட்டேன் என்கிறது. என்னவென்று பாருங்கள்" என்கிறார். "ஐயா, விண்டோஸைப் புதிதாய்ப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். உங்கள் ஆவணங்களை எடுத்து வைத்துவிட்டுப் போடுகிறேன்" என்கிறார் இளைஞர். அவர் நேர்மையானவர், சொன்னபடியே ஆவணக் கோப்புறையைப் பிரதி செய்து வைத்துவிட்டே நிறுவுகிறார். மறுநாள் கணினி மின்னல்போல் திறக்கின்றது. ஆசிரியர்க்கு மகிழ்ச்சி.

இரண்டு மாதங்களின் பின், மறைந்த மனைவியின் ஆண்டுத் திதி வருகின்றது. வெளிநாட்டிலிருக்கும் மகள், "அப்பா, அம்மாவின் படங்களை அனுப்புங்கள், அவ பாடிய தேவாரத்தை நீங்கள் பதிந்தீர்களே, அதையும் அனுப்புங்கள்" என்று கேட்கிறாள். அவை ஆவணக் கோப்புறையில் இருந்தவை அல்ல. ஆசிரியர் தம் வசதிக்காகத் தனியே ஆக்கிய ஒரு கோப்புறையில் இருந்தன. அக்கோப்புறை உண்டென்று இளைஞர் அறியார். அதனைச் சொல்ல வேண்டுமென்று ஆசிரியரும் அறியார். இதற்கிடையே கணினி மறுபடியும் மந்தமாகிவிட்டது. அடைபட்டிருந்த விசிறியை எவரும் திறந்து பார்க்கவில்லை. மந்தம் திரும்பி வந்தது. அந்தக் குரல் திரும்பி வரவில்லை.

அழிந்ததை மீட்க முடியாதோ என்று கேட்கலாம். பழைய வகை வன்தட்டில், ஒரு கோப்பு அழிக்கப்பட்டாலும் அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரையில் மீட்க வழியுண்டு. ஆனால் மீள நிறுவும்போது எழுதப்படும் புதிய முறைமையே அவ்விடங்களிற் பலவற்றை மூடிவிடும். இன்றைய கணினிகளில் வன்தட்டுக்குப் பதிலாய் வரும் எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் நிலைமை இன்னும் கடினம். அழிக்கப்பட்ட இடங்களை அது தானாகவே துப்புரவு செய்துவிடுவதால், மீட்பது பெரும்பாலும் இயலாது. வேகம் தந்த பொருளே மன்னிப்பையும் குறைத்துவிட்டது.

மீள நிறுவவே கூடாது என்பது இதன் கருத்தன்று. அதற்கு உரிய வேளைகள் உண்டு. நச்சு மென்பொருள் முறைமையின் ஆழத்திற் புகுந்துவிட்டால், எங்கெங்கே ஒளிந்திருக்கின்றது என்று தேடி அலைவதிலும், யாவற்றையும் அழித்துப் புதிதாய் நிறுவுதலே பாதுகாப்பானது. பிறர் பயன்படுத்திய கணினியை வாங்கும்போதும், தம்முடையதைப் பிறர்க்குக் கொடுக்கும்போதும் அவ்வாறு செய்தல் வேண்டும். பழைய வன்தட்டைக் கழற்றிப் புதிய சேமிப்பகம் பொருத்துகையில் அது இயல்பாகவே நிகழும். முப்பத்திரண்டு பிற் முறைமையிலிருந்து அறுபத்துநான்கு பிற் முறைமைக்கு மாறுவோர்க்கும் வேறு வழியில்லை. முறைமையின் கோப்புக்கள் சிதைந்து, உள்ளேயே இருக்கும் பழுதுபார்க்கும் கருவிகள் யாவும் தோற்றுப்போனபின் மீள நிறுவுதலும் தக்கதே. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டென்பதும், நாட்காட்டி இவற்றுள் ஒன்றன்று என்பதும் கவனித்தற்குரியன.

முழுவதையும் அழிப்பதற்கு முன் மிதமான வழிகளும் இருக்கின்றன. சிதைந்த முறைமைக் கோப்புக்களைச் சோதித்து மாற்றும் கருவி விண்டோஸிலேயே உள்ளது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நிறுவல் பொதியை இயக்கி, கோப்புக்களையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்துக்கொண்டு முறைமையை மட்டும் புதுப்பிக்கவும் முடியும். 2012ஆம் ஆண்டு விண்டோஸ் 8 வந்தது முதல், சொந்தக் கோப்புக்களைக் காத்துக்கொண்டு முறைமையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் வசதியும் அமைந்திருக்கின்றது; அப்போது தாமாக நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். உடைந்த ஓட்டை மாற்றும் வழிகள் இவை.

பழைய இறுவட்டைக் கொண்டு மீள நிறுவுவதில் மற்றோர் அபாயமும் உண்டு. 2003ஆம் ஆண்டு ஓகஸ்டில் பிளாஸ்ரர் என்னும் புழு இணையத்தில் பரவியது. அடுத்த ஆண்டு சாசர் வந்தது. அக்காலத்தில், பாதுகாப்புத் திருத்தங்கள் சேர்க்கப்படாத இறுவட்டிலிருந்து எக்ஸ்பியை நிறுவி, காப்பரண் எதுவுமின்றி இணையத்தில் இணைத்தவரின் கணினியைப் புழு சில நிமிடங்களிலேயே பற்றிக்கொண்டதுண்டு. திருத்தங்களைப் பதிவிறக்கி முடிக்குமுன்பே நோய் வந்து சேர்ந்தது. சுத்தமாக்கப்பட்ட கணினி, பழைய கணினியிலும் வலுக்குறைந்ததாய் இருந்தது. இன்றும் இப்பாடம் பொருந்தும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014ஆம் ஆண்டு ஏப்பிரலிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியிலும் முடிவடைந்தன. காலங்கடந்த முறைமையை எத்தனை முறை புதிதாய் நிறுவினாலும் அதன் காலம் புதிதாவதில்லை. அத்தகைய கணினியை வைத்திருப்போர், அது தாங்குமாயின் விண்டோஸ் 11க்கு உயர்த்துவதையோ, தாங்காதாயின் லினக்ஸை நிறுவுவதையோ எண்ணுதல் நன்று.

மீள நிறுவத்தான் வேண்டும் என்று முடிவானபின், அவசரம் ஆகாது. தமிழில் எழுதுவோர்க்கு இதிலே தனியான ஓர் அநுபவமும் உண்டு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆவணங்கள், மீள நிறுவிய கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். அவை அழிந்துவிட்டன என்று கலங்கி நீக்கியவர்களும் இருக்கக்கூடும். உண்மையில் கோப்பு நலமாகவே இருக்கின்றது. எழுத்துருவை மறுபடி நிறுவினால் தமிழ் மீண்டும் தோன்றும். விண்டோஸ் 2000 முதல் யுனிகோட் தமிழ் எழுத்துரு முறைமையோடு சேர்ந்தே வருவதால், யுனிகோட்டில் எழுதியவற்றுக்கு இவ்விடர் இல்லை. ஆகவே பழைய எழுத்துருக்களையும் பிரதி செய்து வைத்துக்கொள்ளுதலும், இயலுமாயின் பழைய ஆவணங்களை யுனிகோட்டுக்கு மாற்றிவிடுதலும் சிறந்தன.

எழுத்துருவைப் போலவே வேறு சிலவும் மறந்துபோகும். உலாவியிற் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் மென்பொருள் வன்தட்டில் வைத்திருக்கும் பழைய கடிதங்கள், கணக்கு மென்பொருளின் தரவு, விலைகொடுத்து வாங்கிய மென்பொருள்களின் உரிம எண்கள் என்பன ஆவணக் கோப்புறையில் இருப்பதில்லை. சேமிப்பகம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாதவிடத்து, சொந்தக்காரரே தம் வீட்டுக்கு வெளியே நிற்க நேரிடும். இவற்றை ஒரு தாளிற் குறித்து, ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தபின் தொடங்குதலே முறை.

பீற்றர் குறோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவச் செய்த எளிய விதி ஒன்று உண்டு. முதன்மையான கோப்புக்களுக்கு மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாயினும் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதே அது. கணினியில் ஒன்று, மேசை இழுப்பறையில் வைக்கும் வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்திலோ உறவினர் வீட்டிலோ ஒன்று என்று வைத்துக்கொண்டால் விதி நிறைவேறும். பிரதியை எடுத்ததோடு நில்லாமல், அதிலிருந்து ஒரு படத்தையேனும் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத பிரதி, எண்ணிப் பாராத பணம் போன்றது.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை பணிசெயல் முறைமையை மீள நிறுவுவது என்ற வினாவுக்கு, ஆதலின், மாதக் கணக்கில் விடையில்லை. காரணம் தோன்றும்போது நிறுவலாம். தோன்றாதபோது பத்தாண்டு விட்டாலும் குற்றமில்லை. நாட்காட்டியைப் பார்த்துச் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டெனின், அது பிரதி எடுத்தல். இக்கணினி இன்றிரவே முற்றாய் அழிந்துபோனால், நாளைக் காலையில் இழக்கப்படுவது யாது என்பதே ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடியவர் விரும்பிய நாளில் மீள நிறுவட்டும். அப்படிச் சொல்ல முடியாதவர் முதலில் தேட வேண்டியது, வெளி வன்தட்டு ஒன்றையும் ஓய்வான ஒரு மாலைப்பொழுதையுமே. முறைமையைக் கடையில் வாங்கலாம், இணையத்திலும் பெறலாம். ஒரு தாயின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.